செக் நாட்டுக்குக் கொள்முதல் பயணமா? முதலில் அவர்கள் நாள்காட்டியைப் பாருங்கள்



வெளியூர் வியாபாரி ஒருவர் மாட்டுப்பொங்கல் அன்று நம் ஊர்க் கடைத்தெருவில் வந்து இறங்கினால் என்ன ஆகும்? பூட்டிய கடைகளைப் பார்த்துவிட்டு ஓட்டல் அறைக்குத் திரும்புவார். "பொங்கல் என்று தெரியாதா?" என்று நாம் சிரிப்போம். 2018ஆம் ஆண்டு செக் நாட்டில் அப்படிச் சிரிப்புக்கு ஆளானவன் நான். என்னைப் போல மற்றவர்கள் ஏமாறக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் கண்ணாடி மணி, பாசி வகைகளை மொத்த வியாபாரம் செய்பவன். இந்தச் சரக்குக்கு உலகப் பெயர் பெற்ற ஊர் செக் நாட்டின் வடக்கே உள்ள யாப்லொனெட்ஸ். தலைநகர் பிராக்கிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஊரைச் சுற்றிச் சிறிதும் பெரிதுமாக மணி செய்யும் தொழிற்கூடங்கள் உண்டு. அதில் ஒன்றுக்கு "ஜூலை முதல் வாரம் வருகிறேன்" என்று எழுதினேன். "வாருங்கள்" என்று பதில் வந்தது. எந்தத் தேதி என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தவறு என்னுடையதுதான்.

ஜூலை 4, புதன்கிழமை மாலை பிராக்கில் இறங்கினேன். மறுநாள் காலை கடைவீதியில் எல்லாக் கடைகளும் திறந்திருந்தன. வேலை நாள்தான் என்று நம்பிப் பேருந்து ஏறினேன். யாப்லொனெட்ஸில் தொழிற்கூட வாசலில் பெரிய பூட்டு. அக்கம்பக்கத்தில் விசாரித்ததில் ஜூலை 5, 6 இரண்டும் தேசிய விடுமுறை என்று தெரிந்தது. அடுத்து சனி, ஞாயிறு. ஆக நான்கு நாட்கள் போயின. திங்களன்றுதான் கதவு திறந்தது. செவ்வாய் இரவு எனக்குத் திரும்பும் விமானம்.

ஒன்றரை நாளில் ஆறு நாள் வேலையை முடிக்கப் பார்த்தேன். அவசரத்தில் ஒரு ரகத்துக்குத் துளை அளவைக் கோத்துப் பார்க்காமல் ஆர்டர் கொடுத்துவிட்டேன். நம் ஊரில் மாலை கோக்கும் பெண்கள் பயன்படுத்தும் கயிறு அதில் நுழையவில்லை. அதோடு தொழிற்கூடம் ஆகஸ்டில் கோடை விடுமுறைக்கு மூடிவிட்டது. சரக்கு கப்பலேறவே செப்டம்பர் பாதி ஆயிற்று. அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 6. என் சரக்கு கடைக்கு வந்து சேர்ந்தபோது தீபாவளி முடிந்திருந்தது. பயணச் செலவு ஒரு பங்கு என்றால் முடங்கிய முதல் மூன்று பங்கு. இத்தனைக்கும் காரணம் ஒரு நாள்காட்டியைப் புரட்டிப் பார்க்காததுதான்.

இரண்டு பட்டியல்கள்

செக் நாட்டில் ஆண்டுக்கு 13 பொது விடுமுறைகள். அவற்றைத் தேதி வாரியாகத் தருகிறேன்.

ஜனவரி 1 ஆண்டுப் பிறப்பு. செக்கோஸ்லோவாகியா இரண்டாகப் பிரிந்து 1993இல் செக் குடியரசு பிறந்த நாளும் அதுவே. அடுத்து ஈஸ்டரை ஒட்டிய பெரிய வெள்ளியும் ஈஸ்டர் திங்களும். மே 1 தொழிலாளர் தினம். மே 8 இரண்டாம் உலகப் போர் முடிந்த வெற்றி நாள்.

ஜூலை 5, ஸ்லாவிய மக்களுக்கு எழுத்தும் சமயமும் கொண்டுவந்த சிரில், மெத்தோடியஸ் என்ற இரு சகோதரர்களின் நாள். அவர்கள் அங்கு வந்தது 863ஆம் ஆண்டு. ஜூலை 6, யான் ஹுஸ் என்ற சமயச் சீர்திருத்தவாதி 1415இல் உயிரோடு எரிக்கப்பட்ட நாள்.

செப்டம்பர் 28, நாட்டின் காவல் புனிதராகிய வாட்ஸ்லாவ் மன்னரின் நாள். அக்டோபர் 28, ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசிலிருந்து விடுபட்டு 1918இல் செக்கோஸ்லோவாகியா அமைந்த நாள். நவம்பர் 17 மாணவர் போராட்டத்தின் நினைவு நாள். 1939இல் நாஜிகள் அங்குள்ள கல்லூரிகளை மூடி மாணவர்களைக் கொன்றதும், 1989இல் மாணவர் ஊர்வலத்தோடு கம்யூனிஸ்ட் ஆட்சிக்கு முடிவு தொடங்கியதும் அந்தத் தேதியில்தான். கடைசியாக டிசம்பர் 24, 25, 26 கிறிஸ்துமஸ்.

இந்த 13 நாட்களிலும் அலுவலகம், வங்கி, தொழிற்கூடம் பொதுவாக மூடியிருக்கும். ஆனால் கடைகளுக்குத் தனிச் சட்டம் உண்டு. 2016 அக்டோபர் முதல் அமலில் உள்ள அந்தச் சட்டப்படி, 200 சதுர மீட்டருக்கு, அதாவது நம் கணக்கில் சுமார் 2150 சதுர அடிக்கு மேற்பட்ட கடைகள் ஜனவரி 1, ஈஸ்டர் திங்கள், மே 8, செப்டம்பர் 28, அக்டோபர் 28, டிசம்பர் 25, 26 ஆகிய நாட்களில் திறக்கக்கூடாது. டிசம்பர் 24 அன்று நண்பகலுக்குப் பிறகும் பெரிய கடை திறந்திருக்காது. பெரிய வெள்ளி, மே 1, ஜூலை 5, 6, நவம்பர் 17 ஆகிய நாட்களில் எந்தக் கடைக்கும் தடையில்லை. கடை திறந்திருந்ததைப் பார்த்து நான் ஏமாந்தது இதனால்தான்.

நம் சங்கத்தார் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இதில் உண்டு. 200 சதுர மீட்டருக்கு உட்பட்ட சிறு கடைகளை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தவில்லை. ரயில் நிலையம், விமான நிலையம், மருத்துவமனைகளில் உள்ள கடைகளுக்கும், மருந்துக் கடைக்கும், பெட்ரோல் நிலையத்துக்கும் விலக்கு உண்டு. பெரிய அங்காடிகள் மூடிக்கிடக்கும் நாளில் தெருமுனைக் கடைக்காரருக்கு வியாபாரம். இந்தக் கடைகளில் ஏராளமானவற்றை நடத்துபவர்கள் வியட்நாமியர்கள். கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் இரு நாட்டு ஒப்பந்தப்படி வேலைக்கும் பயிற்சிக்கும் வந்தவர்கள், 1989க்குப் பிறகு சந்தைக் கடை போட்டு, பிறகு மளிகைக் கடை வைத்து நிலைத்துவிட்டார்கள். காலையில் சீக்கிரம் திறந்து இரவு நேரம் கழித்து அடைப்பது அவர்கள் வழக்கம். பூட்டிய வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பிய அன்று இரவு எனக்கு ரொட்டியும் தயிரும் பழமும் தந்தது அப்படி ஒரு கடைதான்.

நகரும் விடுமுறையும் பாலம் கட்டும் விடுமுறையும்

ஈஸ்டர் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். மார்ச் 21ஐ ஒட்டியோ அதற்குப் பின்னோ வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறு என்பது கணக்கு. ஆகவே பல ஆண்டுகளில் நம் பங்குனி உத்திரத்தை ஒட்டி வரும். ஈஸ்டர் திங்கள் 2026இல் ஏப்ரல் 6. 2027இல் மார்ச் 29. 2028இல் ஏப்ரல் 17. அதற்கு முந்திய வெள்ளியும் விடுமுறை. 2016 முதல் இது நடைமுறையில் உள்ளது. எனவே வெள்ளி முதல் திங்கள் வரை நான்கு நாட்களைக் கணக்கிலிருந்து கழித்துவிட வேண்டியதுதான்.

மற்ற விடுமுறைகள் தேதி மாறாதவை. அவை சனி, ஞாயிறில் விழுந்தால் மாற்று விடுமுறை தருவதில்லை. செவ்வாயில் விழுந்தால் திங்களையும், வியாழனில் விழுந்தால் வெள்ளியையும் பலர் சொந்த விடுப்பாக எடுத்துச் சேர்த்துக்கொள்வார்கள். ஆகவே தேதியை மட்டும் பார்த்தால் போதாது, கிழமையையும் பார்க்க வேண்டும். மே 1, மே 8 இரண்டும் எப்போதும் ஒரே கிழமையில் வரும். அந்தக் கிழமை வியாழனாக அமைந்த ஆண்டில் மே முதல் பத்து நாட்களில் வேலை நடக்கும் என்று நம்பிப் போகக்கூடாது.

பொது விடுமுறைப் பட்டியலில் இல்லாத காலம் ஒன்றும் உண்டு. பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 31 வரை. அந்த இரு மாதங்களில் பல தொழிற்கூடங்கள் ஒரு வாரமோ இரண்டு வாரமோ மொத்தமாக மூடிவிட்டு எல்லோருக்கும் ஒன்றாக விடுப்புத் தருகின்றன. கிறிஸ்துமஸ் முதல் ஆண்டுப் பிறப்பு வரையிலும் இதே நிலைதான். எந்த வாரம் மூடுகிறார்கள் என்பதைக் கடிதத்தில் கேட்டே தெரிந்துகொள்ள வேண்டும்.

வெள்ளிக்கிழமை பிற்பகலையும் நம்ப வேண்டாம். தொழிற்கூடங்களில் காலை ஆறு மணிக்கே வேலை தொடங்குவது அங்கே சாதாரணம். மதியத்துக்குமேல் ஊர்ப்புறத்தில் உள்ள தங்கள் சிறு வீடுகளுக்குக் குடும்பத்தோடு கிளம்பிவிடுவார்கள். முக்கியப் பேச்சைத் திங்கள் முதல் வியாழனுக்குள் முடிப்பது நல்லது.

திருவிழாக் காலங்கள்

விடுமுறை வியாபாரிக்கு இடைஞ்சல் என்றாலும் திருவிழா பார்க்க வேண்டியது. வேலையை முடித்துவிட்டு இரண்டு நாள் தங்க நினைப்பவர்களுக்காக முக்கியமானவற்றைச் சொல்கிறேன்.

ஈஸ்டருக்கு முந்திய வாரங்களில் பிராக் பழைய நகரச் சதுக்கத்தில் சந்தை கூடும். வண்ணம் தீட்டிய முட்டை ஓடுகளும், வில்லோ மரக் குச்சிகளைப் பின்னிய சாட்டையும் விற்கும். திங்களன்று பையன்கள் அந்தச் சாட்டையால் பெண்களை விளையாட்டாகத் தட்டி முட்டை வாங்கிக்கொள்வது வழக்கம்.

மே 12 முதல் பிராக்கில் பெரிய இசை விழா. 1946இல் தொடங்கியது. செக் இசைமேதை ஸ்மெதனாவின் நினைவு நாளில் அவருடைய படைப்போடு தொடங்குவது மரபு. மே கடைசி வார இறுதியில் மொராவியாவில் உள்ள வில்ச்னோவ் கிராமத்தில் 'அரசர் ஊர்வலம்' நடக்கும். பெண் உடை அணிந்த சிறுவன் ஒருவன், வாயில் ரோஜாவைக் கவ்வியபடி குதிரையில் வருவான். யுனெஸ்கோ 2011இல் இதைப் பண்பாட்டுச் சொத்துகளின் பட்டியலில் சேர்த்தது.

ஜூன் மாதம் செஸ்கி கிரும்லோவ் என்ற பழைய கோட்டை ஊரில் ஐந்திதழ் ரோஜா விழா. செப்டம்பரில் தெற்கு மொராவியாவில் திராட்சை அறுவடை விழாக்கள். பாதி புளித்த புதுத் திராட்சைச் சாறு அப்போது கிடைக்கும். உள்நாட்டுத் திராட்சையில் செய்த அதை ஆகஸ்ட் 1 முதல் நவம்பர் 30 வரை மட்டுமே அதன் பெயரில் விற்கலாம் என்பது சட்டம். நம் பதநீரைப் போலப் பருவச் சரக்கு. ஆனால் போதை உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

கிறிஸ்துமஸ் சந்தைகள் நவம்பர் கடைசியிலேயே தொடங்கிவிடும். டிசம்பர் 20ஐ ஒட்டித் தெருமுனைகளில் பெரிய தொட்டிகளில் கெண்டை இனத்து மீன்களை உயிரோடு விட்டு விற்பார்கள். தெற்கே திரெபோன் வட்டாரத்தில் 16ஆம் நூற்றாண்டில் வெட்டிய பெரிய ஏரிகளில் வளர்த்த மீன்கள் இவை. 24ஆம் தேதி இரவு விருந்து அந்த மீனும் உருளைக்கிழங்குக் கலவையும்தான். மீன் செதில் ஒன்றைப் பணப்பையில் வைத்துக்கொண்டால் ஆண்டு முழுவதும் பணம் தங்கும் என்று நம்புகிறார்கள். நாம் கல்லாப்பெட்டிக்குப் பொட்டு வைப்பதைப் போன்றதுதான் இதுவும்.

ஒரு எச்சரிக்கை. விழா நடக்கும் ஊரில் அறை வாடகை ஏறிவிடும். கார்லோவி வாரியில் திரைப்பட விழா நடக்கும் கோடை நாட்களிலும், பிர்னோ நகரில் இலையுதிர் காலத்து இயந்திரக் கண்காட்சி நடக்கும் வாரத்திலும் அறை கிடைப்பதே அரிது. கண்காட்சிக்குப் போவதானால் பல மாதம் முன்பே அறையைப் பதிவு செய்துவிடுங்கள்.

இரண்டு நாள்காட்டிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

நம் விற்பனைக் காலம் ஒன்று, அவர்கள் வேலைக் காலம் ஒன்று. கப்பல் சரக்கு வந்து சேர ஒரு மாதத்துக்குக் குறையாது. துறைமுக வேலை தனி. எங்கள் தொழிலில் மணியை மாலையாகக் கோக்கவும் நாள் வேண்டும். ஆகவே தீபாவளிக்கு வேண்டிய சரக்கை அவர்கள் கோடை விடுமுறைக்கு முன்பே, அதாவது மே 9க்குப் பின், ஜூன் பாதிக்குள் சொல்லிவிட வேண்டும். பொங்கலுக்கும் தை முகூர்த்தத்துக்கும் வேண்டியதைச் செப்டம்பரில் சொன்னால் கிறிஸ்துமஸ் அடைப்புக்கு முன் கப்பலேறும். இந்த இரண்டு காலத்தையும் தவறவிட்டவர்கள் பயணத்தைத் தள்ளிப்போடுவதே லாபம். குளிரைப் பொறுத்துக்கொள்பவர்களுக்கு ஜனவரி பாதி முதல் மார்ச் பாதி வரை விடுமுறை இடைஞ்சல் இல்லை. அறை வாடகையும் குறைவு.

விசாவுக்கும் நாள் ஒதுக்க வேண்டும். 2007 டிசம்பர் முதல் செக் நாடு ஷெங்கன் வட்டத்தில் உள்ளது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பு கொடுத்தாக வேண்டும். முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள், சில சமயம் 45 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம் என்பது விதி. ஆகவே இரண்டு மாதம் முன்பு கொடுப்பது பாதுகாப்பு. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் கட்டாயம். அங்கே செல்லும் நாணயம் யூரோ அல்ல, கொருனா. விடுமுறையன்று வங்கி மூடியிருக்கும். நாணய மாற்றுக் கடைகளில் விலையைக் கேட்காமல் மாற்ற வேண்டாம். கைச்செலவுக்கு வேண்டியதை வேலை நாளிலேயே மாற்றிக்கொள்ளுங்கள்.

கடிதம் எழுதும்போது "முதல் வாரம்", "மாதக் கடைசி" என்று எழுதாதீர்கள். தேதியும் கிழமையும் நேரமும் குறிப்பிட்டு, "அன்று தொழிற்கூடம் இயங்குமா, பொறுப்பாளர் இருப்பாரா?" என்று கேட்டு, "ஆம்" என்று பதில் வந்த பிறகே பயணச்சீட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. அவர்கள் நாள்காட்டியில் ஒவ்வொரு தேதிக்கும் நேராக ஒரு பெயர் அச்சிட்டிருக்கும். அந்தப் பெயருடையவருக்கு அது பெயர் நாள். நண்பர்கள் வாழ்த்துச் சொல்வார்கள். மார்ச் 19 யோசெஃப், ஜூன் 24 யான், ஜூலை 26 அன்னா. உங்களுக்குச் சரக்குத் தருபவரின் பெயர் நாளைக் குறித்து வைத்து ஒரு வரி வாழ்த்து அனுப்பிப் பாருங்கள். காசு செலவில்லாத மரியாதை அது. நேரில் பூ கொடுப்பதானால் ஒற்றைப்படையில் கொடுங்கள். இரட்டைப்படை துக்கத்துக்கு உரியது.

மறு ஆண்டு, 2019இல், இதையெல்லாம் பார்த்துத்தான் கிளம்பினேன். செப்டம்பர் 22 ஞாயிறு போய்ச் சேர்ந்தேன். திங்கள் முதல் வியாழன் வரை யாப்லொனெட்ஸில் வேலை. ஒவ்வொரு ரகத்தையும் நம் கயிற்றில் கோத்துப் பார்த்தே ஆர்டர் கொடுத்தேன். 28ஆம் தேதி சனிக்கிழமை பெரிய கடைகள் அடைப்பு என்று தெரிந்திருந்ததால், வீட்டுக்கு வேண்டியதை வெள்ளியன்றே வாங்கியாயிற்று. சனியன்று வாட்ஸ்லாவ் மன்னர் கொல்லப்பட்ட ஸ்டாரா போலெஸ்லாவ் என்ற ஊருக்குப் போய், திரண்டிருந்த யாத்திரைக் கூட்டத்தோடு ஒருவனாக நின்று பார்த்துவிட்டு, மறுநாள் விமானம் ஏறினேன். பொங்கலுக்கு முன் சரக்கு கடைக்கு வந்துவிட்டது.

முதல் ஆண்டு அவர்களுடைய விடுமுறை எனக்கு நஷ்டம். அடுத்த ஆண்டு அதே நாட்டு விடுமுறை எனக்கும் ஓய்வு. நடுவில் மாறியது, மேசைமேல் இருந்த ஒரு நாள்காட்டி மட்டுமே.